வெற்றிவேந்தன் என்றொரு பெண்பிள்ளை

போன செவ்வாய்க்கிழமை காலை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால்... சோலைமலை அண்ணன்.

ஒரு நிமிஷம் ஆளே அடையாளம் தெரியவில்லை எனக்கு. முகம் அதே முகம்தான். வேட்டிதான் இடித்தது. வெறும் வெள்ளை வேட்டி. கரை இல்லை!

கட்சிக்காரர் என்றால் வேட்டி ஓரத்தில் கட்சிக் கொடியின் கலரில் கரை ஓடும். அந்தக் கரை வேட்டி இல்லாமல் சோலைமலை அண்ணன் வாசல் தாண்டி நான் பார்த்ததே கிடையாது. பஞ்சர் ஒட்டும்போதுகூட, சாயம் போன பழைய கரை வேட்டிதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி பஞ்சவர்ணம் இறந்தபோதும், அதே கரை வேட்டியோடுதான் சுடுகாட்டுக்கு நடந்தார்.

"என்னண்ணே... யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"இல்ல டீச்சர். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதை நேராக வைப்பதற்கே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கெஜட்டில் பேர் மாற்றுவதற்கான விண்ணப்பம்.

"இதை நிரப்பித் தரணும் டீச்சர். பாப்பா பேரை மாத்திப்புடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் செத்ததுக்கப்புறம் மாத்திக்கங்க" என்று பெற்ற மகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய மனுஷன் இவர்! அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றிக் கருகல் வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன்.

பாப்பாவின் பேர் என்ன தெரியுமா?

வெற்றிவேந்தன்.

ஆமாம், பெண்பிள்ளைதான். இருபத்தாறு வயசு. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிரிக்காதீர்கள்... அந்தப் பேரைக் கேட்டு ஊரே சிரித்து முடித்துவிட்டது. இனிமேல் சிரிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

என் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷம் டீச்சராகக் குப்பை கொட்டியவள் நான். சோலைமலை அண்ணனின் பஞ்சர் கடை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான், மேலூர் ரோட்டின்மேல். கடைச் சுவரில் கட்சிக் கலர். கடை வாசலில் கட்சிக் கொடி. அவர் கிளைச் செயலாளர். கட்சியில் அதைவிடச் சின்னப் பதவி கிடையாது என்பார்கள். அவருக்கு அதைவிடப் பெரிய பதவி தேவைப்பட்டதில்லை.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் பாதிப் பேர் "அப்படித்தான், நல்லா எழுதுங்க" என்பீர்கள். மீதிப் பேர் என்னைத் திட்டி லெட்டர் போடுவீர்கள். உங்கள் கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்களேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் கதை மாறாது.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அவள். ஒரே பிள்ளை. பிறந்த அன்றைக்கே அண்ணன் அறிவித்துவிட்டார் – "புள்ளைக்குத் தலைவர்தான் பேர் வைக்கணும்."

இது ஒன்றும் புதுசில்லையே நம் ஊரில்? தலைவர் சுற்றுப்பயணம் வருவார். வேனை மறித்துக் கைக்குழந்தையை நீட்டுவார்கள். அவர் வாங்கி, மைக்கில் ஒரு பேரைச் சொல்லி, திருப்பிக் கொடுப்பார். எத்தனையோ பேர் அப்படிப் பேர் வாங்கி, நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் இங்கே தலைவர் வர வேண்டுமே! முதல் தடவை மழை வந்து கூட்டம் ரத்து. அடுத்த தடவை கூட்டணிப் பேச்சு நடக்கிறது என்று ரத்து. மூன்றாவது தடவை தலைவருக்குத் தொண்டை சரியில்லை. இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பேர் எழுதும் இடம் காலி. எல்லோரும் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

பஞ்சவர்ணம் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்று என்னிடம் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. "புள்ளைக்குக் காய்ச்சல் டீச்சர். சாமிகிட்ட வேண்டப் போனா, யாருக்குன்னு சொல்லி வேண்டுறதுன்னு தெரியல. பேரு இல்லாத புள்ளைக்கு எப்புடி அர்ச்சனை பண்றது?"

கடைசியில் ஒருவழியாகத் தலைவர் வந்தார். அந்த வாரம்தான் கீழக்குயில்குடியில் குலசாமி கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தியிருந்தார்கள். தலைவர் முன்னால் நிற்கப்போகிற பிள்ளை அல்லவா? கட்சிக் கலரில் துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்து, சட்டையும் டவுசரும் தைத்துப் போட்டுவிட்டார் அண்ணன்.

மொட்டைத் தலை. சட்டை. டவுசர்.

தலைவர் வேனில் இருந்தபடியே பிள்ளையை வாங்கினார். மைக்கைப் பிடித்தார். "இந்த வருங்காலச் சிங்கத்துக்கு வெற்றிவேந்தன் என்று பெயர் சூட்டுகிறேன்!" கைதட்டல். விசில். வேட்டு.

பஞ்சவர்ணம் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "ஏங்க... பொட்டப்புள்ளைங்க! சொல்லுங்க!" அண்ணன் திரும்பி, "ச்சூ... சும்மா இரு. தலைவர் வாயால வந்தாச்சு" என்றாராம். அதற்குள் வேன் நாலு வீடு தாண்டிவிட்டது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அண்ணன் ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார். தலைவர் தெரியாமல் வைப்பாரா? ஆணும் பெண்ணும் சமம் என்று ஊருக்குக் காட்டத்தான் பெண்பிள்ளைக்கு ஆண் பேர் வைத்திருக்கிறார்! இதைத் தெருமுனைக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசவே ஆரம்பித்துவிட்டார். மகளையும் மேடையில் ஏற்றிக் காட்டுவார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பாள். கூட்டம் கைதட்டும்.

அஞ்சு வயசில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தார்கள். அட்மிஷன் ரிஜிஸ்டரில் எழுதியது யார் என்கிறீர்கள்? அடியேன்தான். பெயர்: வெற்றிவேந்தன். பாலினம்: பெண். எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்று நான் சொல்லியிருக்கலாம். பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் சீல் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொல்லத் தெம்பில்லை.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பட்டபாடு இருக்கிறதே... வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வரும். அதிகாரி ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "யாருப்பா வெற்றிவேந்தன், எந்திரி" என்பார். பாவாடை கட்டிய பிள்ளை எழுந்து நிற்கும். வகுப்பே சிரிக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஹால் டிக்கெட்டில் ஆண் என்று வந்துவிட்டது. பரீட்சை ஹாலுக்குள் விட மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் ஓடிவந்து எழுதிக் கொடுத்து உள்ளே அனுப்பும்போது அரை மணி நேரம் போயிருந்தது. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. "எனக்குக் கணக்கு தெரியும் டீச்சர்... நேரம் பத்தாமப் போச்சு" என்று என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

பதினெட்டு வயசு ஆனதும் அவள் கேட்டாள் – "பேரை மாத்திக்கிறேன்ப்பா." வீடே ரெண்டுபட்டது. தலைவர் வைத்த பேரை மாற்றினால் தலைவரை அவமதித்த மாதிரி என்றார் அண்ணன். சட்டப்படி அவளே மாற்றியிருக்கலாம், அப்பாவின் கையெழுத்தெல்லாம் வேண்டியதில்லை. மாற்றவில்லை. ஏன் என்று ஒருதடவை கேட்டேன். "அந்தப் பேரைச் சொல்லும்போது மட்டும்தான் டீச்சர் எங்கப்பா நெஞ்சை நிமித்திக்கிட்டு நிப்பாரு" என்றாள். என்ன பிள்ளை பாருங்கள்!

இப்போது கல்யாணம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை பேரையூர்ப் பக்கம். பையன் பேர் மணிகண்டன். தங்கமான பையன், அவனுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் பத்திரிகை அடிக்க மாதிரி எழுதிப் பார்த்தபோது மாப்பிள்ளையின் அம்மா சொன்னாராம் – "ஏம்மா, பத்திரிகையில ரெண்டும் மாப்ள பேரால்ல இருக்கு! எங்க சனம் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" பேரை மாற்றிவிட்டுப் பத்திரிகை அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தப்புச் சொல்ல முடியுமா?

மகள் இந்த முறை உறுதியாக நின்றுவிட்டாள். அண்ணனுக்கும் வேறு வழி இல்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நீங்களும் நானும் நூறு வருஷம் யோசித்தாலும் வராத யோசனை.

தலைவர் வைத்த பேர். அதனால் தலைவர்தான் மாற்ற வேண்டும். தலைவர் வாயாலேயே ஒரு பெண் பேர் வாங்கிவிட்டால் யாருக்கும் அவமரியாதை இல்லையே!

"நானும் சரின்னுட்டேன் டீச்சர்" என்று அப்புறம் அவள் என்னிடம் சொன்னாள். "வேற என்ன செய்ய? அவரு மனசும் நோகக் கூடாதுல்ல."

அவர் என் வீட்டுக்கு வந்ததற்கு ரெண்டு நாள் முந்தி, ஞாயிற்றுக்கிழமை, ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் கட்சி நிர்வாகி வீட்டுக் கல்யாணம். தலைவர் வருகிறார். டியூட்டிக்கு லீவு போட்டுவிட்டு மகளும், புதுக் கரை வேட்டி கட்டிக்கொண்டு அப்பாவும் காலை ஏழு மணிக்கே போயிருக்கிறார்கள். நடந்ததை அண்ணன் சொன்னபடியே எழுதுகிறேன். கருகிய இட்லியைக் குப்பையில் போட்டுவிட்டு, காபி போட்டு அவர் முன்னால் வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேட்டானுங்க டீச்சர். பேர் வைக்கணும்னேன். பேர் வைக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வரிசையில நில்லுங்கன்னு தள்ளிவிட்டானுங்க. பார்த்தா... வரிசையில பூராம் கைக்குழந்தைக. நடுவுல நாங்க ரெண்டு பேரும். பின்னாடி நின்ன பொண்ணு, 'அக்கா, உங்க புள்ளை எங்கக்கா?'ன்னு பாப்பாகிட்ட கேக்குது. பாப்பா தலையைக் குனிஞ்சுக்கிச்சு."

"அப்புறம்?"

"வரிசையை ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருந்தானே ஒருத்தன்... யாருன்னு நெனைக்கிறீங்க? இந்தக் கையை ஒடிச்சவன் டீச்சர்!"

இடது கையை நீட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே கோணலாக இருக்கும் அந்தக் கை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்தலில், அண்ணன் வெள்ளையடித்து ரிசர்வ் பண்ணி வைத்த சுவரில் எதிர்க்கட்சிக்காரர்கள் சின்னம் வரைய வந்தார்கள். தடுத்ததற்குக் கிடைத்த பரிசு. ஒடித்தவர் போன வருஷம் ஆட்களோடு வந்து அண்ணனுடைய கட்சியிலேயே சேர்ந்து, மாவட்டப் பொறுப்பும் வாங்கிவிட்டார்.

"அவன் வந்தப்பகூட நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். கட்சி வளரணும்ல? சரி போ, கை என்ன, என் கைதானேன்னு விட்டுட்டேன்."

பதினொன்றரை மணிக்குத் தலைவர் வந்தார். இவர்கள் முறை வந்தது. மூன்று நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியத்தை அண்ணன் சொன்னார் – "ஐயா, இருபத்து மூணு வருசத்துக்கு முந்தி ஒத்தக்கடையில நீங்க வேன்ல வச்சுப் பேர் வச்ச புள்ள..."

தலைவர் சிரித்தாராம். "அப்படியா! ரொம்ப சந்தோஷம். குழந்தை எங்கே?"

"இவதாங்கய்யா."

தலைவர் அவளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாவட்டத்தை, அதுதான் கை ஒடித்த அதே ஆளை, பார்த்தார். மாவட்டம் அண்ணனின் தோளில் கை வைத்து, "பெருசு, நேரமாச்சு. புள்ளை இருந்தா நீட்டு, இல்லாட்டி நகரு" என்றது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குழந்தை அண்ணனின் தலைக்கு மேலாகவே போய்த் தலைவர் கையில் உட்கார்ந்துவிட்டது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குழந்தைக்கு... வெற்றிவேந்தன் என்று பெயர் சூட்டுகிறேன்!"

இதைச் சொல்லும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதே பேரு டீச்சர். அது ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும்... நானும் தட்டிப்புட்டேன் டீச்சர். முப்பத்தஞ்சு வருசப் பழக்கம், கை தானாத் தட்டிருச்சு. தட்டிக்கிட்டே திரும்பினேன். பாப்பா என் கையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அறுபத்திரண்டு வயசு மனுஷன் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தத் தலைவர்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், காபி டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பவும் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றினாராம். தலைவர் பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் போட்டோ. தினமும் ஊதுபத்தி காட்டிய போட்டோ. "இம்புட்டு வருசமாப் பாத்தும் எனக்குத் தெரியல டீச்சர். அந்தப் போட்டோவுல அவரு புள்ளையைப் பாக்கவே இல்ல. கேமராவைத்தான் பாக்குறாரு."

நாமெல்லாம் டீக்கடையில் ஈஸியாகச் சொல்கிறோம் – "எல்லாப் பயலும் ஒண்ணுதாங்க, எவன் வந்தா என்ன?" சொல்லிவிட்டு வடையைக் கடிக்கிறோம். எனக்கும் கட்சிகள்மேல் வெறுப்புத்தான். எங்கள் பென்ஷன் விஷயத்தில் வாக்குறுதி கொடுக்காத கட்சி இல்லை, காப்பாற்றிய கட்சியும் இல்லை. வெறுப்பு வந்தால் நான் டிவியை ஆஃப் பண்ணிவிடுவேன். ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் கொஞ்ச நேரம் யோசிப்பேன். அவ்வளவுதான் என் நஷ்டம்.

சோலைமலை அண்ணன் எதை ஆஃப் பண்ணுவார்? ஒடிந்த கையையா? மகளின் பேரையா? பெரிய ஆள் ஒருத்தர் கட்சி மாறினால் சால்வை, மேளம், தலைப்புச் செய்தி. ஒரு கிளைச் செயலாளர் கட்சியை விட்டால் கரை இல்லாத வேட்டி ஒன்று கட்டுகிறார். தெருவில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை என்றுதான் அதற்கும் வருத்தப்பட்டார், பாவம்.

பேனாவை எடுத்தேன். பழைய பெயர் – எழுதியாயிற்று. அடுத்து, பெயர் மாற்றத்துக்கான காரணம்.

"எண்கணிதம்னு எழுதிடலாமாண்ணே? எல்லாரும் அதான் எழுதுவாங்க."

"பொய் எதுக்கு டீச்சர்? வச்சவருக்கு ஞாபகம் இல்லைன்னு எழுதுங்க."

என் பேனா அந்தக் கட்டத்துக்குள் இறங்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், தோளில் பை, கண்ணெல்லாம் தூக்கம். அப்பா இங்கே இருப்பதை நான்தான் போனில் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வாசலிலேயே நின்று படிவத்தைப் பார்த்தாள். அப்பாவின் வேட்டியையும் பார்த்தாள்.

"எண்கணிதம்னே போடுங்க டீச்சர்" என்றாள். "அவருக்கு ஞாபகம் இருந்திருந்தாலும் நான் மாத்தத்தான் செஞ்சிருப்பேன்."

"புதுப் பேரு என்னம்மா எழுத?"

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா எனக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்துச்சுப்பா?"

அண்ணன் என்னைப் பார்த்தார், எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

"தெரியல பாப்பா... நான் கேக்கவே இல்ல."

"மூணு வருசம் அவரு வாயைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களேப்பா. வீட்டுக்குள்ள இருந்த அம்மாகிட்ட ஒருநாள்கூடவா கேக்கல? கேட்டிருந்தா எனக்கும் ஒரு பேரு இருந்திருக்கும்ல?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்த அசதியோடு சொன்னாள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அட்மிஷன் அன்றைக்கு, அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போன பிறகு, பஞ்சவர்ணம் என் மேஜை அருகிலேயே தயங்கி நின்றாள். "டீச்சர்... வந்து... பேரு..." என்று இழுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சட்டுன்னு சொல்லும்மா, பின்னால எம்புட்டுப் பேரு நிக்கிறாங்க பாரு." அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் மனசில் ஒரு பேர் இருந்திருக்கிறது. அன்றைக்கு என் மேஜை வரைக்கும் அதைக் கொண்டுவந்திருக்கிறாள். தலைவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? புருஷனும் கேட்கவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. இனி யார் போய்க் கேட்பது?

இதை அவர்களிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். அவள் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். வெளியே மாட்டுத்தாவணி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பிறகு அவளே எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. அம்மாவும் இல்ல. நீங்களே ஒரு பேரு வைங்கப்பா."

"நானா?"

அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது பாருங்கள்... அதை மறக்கவே முடியாது. எத்தனை கூட்டத்தில் பேசிய ஆள்! எத்தனை தலைவர்களை வாழ்க என்று தொண்டை கிழியக் கத்திய ஆள்! பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கும் தகுதி தனக்கு உண்டு என்று இந்த இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்கதான். வேற யாரு எனக்கு இருக்கா?"

குழந்தைக்குப் பேர் வைத்தால் அதன் காதில் மூன்று தடவை சொல்வது நம் வழக்கம். இவளுக்கு அது நடக்கவில்லை, ஸ்பீக்கரில்தான் நடந்தது. அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். கோணல் கையால் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்தார். ஒரு தடவை. ரெண்டு தடவை. மூணு தடவை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவளே எழுதினாள். என்ன பேர் என்று கேட்கிறீர்களா? கல்யாணப் பத்திரிகையில் வரும். எந்த மேடையிலும் அறிவிப்பதாக இல்லை.

முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கே கேட்கிற மாதிரி மைக்கில் கத்திய மனுஷன் சொன்னது, அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை... கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது.